இல்லமும் உணவும்: புனித மார்ட்டின் திருநாள் விருந்து

ஐப்பசியும் கார்த்திகையும் நமக்கு அடைமழைக் காலம். நம் முன்னோர் இவ்விரு திங்களையும் கூதிர்ப் பருவம் என்றனர். இதே நாள்களில் ஐரோப்பாவின் நடுப்பகுதியில் மரங்கள் இலை உதிர்த்து நிற்கின்றன. அறுவடை முடிந்த வயல்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. ஜெர்மனியின் கொலோன் நகரில் நவம்பர் நடுவில் மாலை ஐந்து மணிக்கு முன்பே கதிரவன் மறைந்து விடுகிறான். வெளியே இருளும் குளிரும் சூழும்போது வீட்டினுள் அடுப்பும் மேசையும் தனி மதிப்புப் பெறுகின்றன. உற்றாரையும் அயலாரையும் அழைத்து ஒருங்கே அமர்ந்து உண்பதற்கென்றே அம்மக்களுக்கு இப்பருவத்தில் ஒரு பெருநாள் உண்டு. நவம்பர் 11ஆம் நாள் கொண்டாடப்பெறும் தூர்ஸ் நகர் ஆயர் புனித மார்ட்டின் திருநாளே அது.

தொலைவில் உள்ள நாடுகளின் விருந்தைப் பற்றி இப்பக்கத்தில் எழுதுவானேன் என்று சிலர் வினவலாம். நம் குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகள் இன்று படிப்பின் பொருட்டும் பணியின் பொருட்டும் அந்நாடுகளில் வாழ்கின்றனர். 1983ஆம் ஆண்டிற்குப் பின் ஈழத்திலிருந்து புலம்பெயர்ந்த குடும்பங்கள் ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் பிரான்சிலும் வேரூன்றி, இப்போது பேரப்பிள்ளைகளைக் காண்கின்றன. "இன்று என்ன சாப்பிட்டாய்?" என்று தொலைபேசியில் கேட்கும் அன்னையர்க்கு, அந்நாட்டு அடுப்பில் இம்மாதம் என்ன வேகிறது, அது ஏன் வேகிறது என்று தெரிந்திருப்பது நன்று. அதற்கும் மேலாக, விருந்து என்பது யாருக்காக என்ற வினாவிற்கு இத்திருநாள் தரும் விடை, எந்நாட்டு இல்லத்திற்கும் பொருந்தும்.

மேலங்கியை வெட்டிய போர்வீரர்

நம் மக்கள் நன்கறிந்த மார்ட்டின், கையில் துடைப்பத்துடன் காட்சி தரும் லீமா நகரத்துப் புனித மார்ட்டின் தெ போரஸ். அவரது திருநாள் நவம்பர் 3. நாம் இங்குக் கூறும் மார்ட்டின் அவருக்கு ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முற்பட்டவர். 4ஆம் நூற்றாண்டில், இன்று ஹங்கேரி நாட்டில் சொம்பாத்தெய் என வழங்கும் ஊரில் பிறந்து, உரோமைப் படையில் பணியாற்றியவர். கடுங்குளிர் நாள் ஒன்றில் அமியேன் நகர வாயிலில் ஆடையின்றி நடுங்கிய ஏழை ஒருவனைக் கண்டார். கொடுப்பதற்குக் கையில் வேறு ஒன்றுமில்லை. வாளை உருவித் தம் மேலங்கியை இரண்டாக வெட்டினார். ஒரு பாதியை அவனுக்குப் போர்த்தி, மறுபாதியைத் தாம் போர்த்திக்கொண்டார். அன்றிரவு கனவில், அந்தப் பாதி அங்கியை அணிந்தவராக இயேசுவைக் கண்டார். மார்ட்டின் வாழ்ந்தபோதே அவரை நேரில் கண்டு பழகிய சுல்பீசியுஸ் செவேருஸ் என்பவர் இதனை எழுதி வைத்துள்ளார்.

மார்ட்டின் 371ஆம் ஆண்டில் தூர்ஸ் நகரின் ஆயரானார். 397 நவம்பர் 8ஆம் நாள் இறந்தார். அவர் தூர்ஸ் நகரில் அடக்கம் செய்யப்பெற்ற 11ஆம் நாளே அவர்தம் திருநாளாயிற்று. அவரது அங்கி என மக்கள் போற்றிய ஆடையைப் பிராங்கிய அரசர்கள் பேணி வந்தனர். சிறு மேலங்கியைக் குறிக்கும் 'கப்பெல்லா' என்னும் இலத்தீன் சொல்லே, அந்த அங்கியை வைத்திருந்த இடத்திற்கும், நாளடைவில் எல்லாச் சிற்றாலயங்களுக்கும் ஐரோப்பிய மொழிகளில் பெயராகி விட்டது.

பெருவாத்து மேசைக்கு வந்த கதை

இத்திருநாளின் தலையாய உணவு, 'கூஸ்' எனப்படும் பெருவாத்தின் வறுவல். இதற்கு மக்கள் சொல்லும் கதை சுவையானது. ஆயர் பதவிக்குத் தம்மைத் தேடி வந்தவர்களிடமிருந்து தப்ப எண்ணிய மார்ட்டின், வாத்துக் கொட்டிலில் ஒளிந்தாராம். வாத்துகள் கத்திக் கூச்சலிட்டு அவரைக் காட்டிக் கொடுத்தனவாம். அதற்கான தண்டனையை அவை இன்றளவும் அனுபவிக்கின்றனவாம்!

கதை கிடக்கட்டும், காரணம் உழவர் வாழ்வில் இருக்கிறது. நவம்பர் 11 அங்கே வேளாண் ஆண்டின் முடிவு நாள். குத்தகையும் வரியும் செலுத்தும் நாள் அதுவே. அவற்றை வாத்தாகவே அளந்தவர்களும் உண்டு. பண்ணை வேலையாள்கள் கணக்குத் தீர்த்துக் கூலி பெற்றதும் அந்நாளை ஒட்டியே. பனிக்காலம் முழுவதும் எல்லாக் கால்நடைகளுக்கும் தீவனமிட இயலாதாகையால், சிலவற்றை அறுத்து இறைச்சியை உப்பிட்டு வைத்தனர். அறுவடைக்குப் பின் வயலில் சிந்திய தானியத்தை மேய்ந்த வாத்துகள் கொழுத்திருந்த காலமும் அதுவே.

மற்றொரு காரணமும் உண்டு. 6ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சின் மாக்கோன் நகரில் கூடிய ஆயர் மன்றம், மார்ட்டின் திருநாள் முதல் கிறிஸ்து பிறப்பு விழா வரை வாரத்தில் மூன்று நாள் நோன்பு காக்கப் பணித்தது. 'மார்ட்டின் தவக்காலம்' என்று வழங்கிய இந்நோன்பே பின்னர்ச் சுருங்கி நம் திருவருகைக்காலம் ஆயிற்று. ஆகவே நவம்பர் 11, நோன்பின் வாயிலில் நின்று உண்ணும் விருந்தாகவும் விளங்கியது.

வடக்கே டென்மார்க்கு நாட்டில் 10ஆம் நாள் மாலையே விருந்து நடைபெறும். பெருவாத்திற்கு மாற்றாகச் சிறு வாத்தையே இன்று பலர் சமைக்கின்றனர். ஸ்வீடனின் தென்கோடியிலுள்ள ஸ்கோனே பகுதியில் வாத்தின் இரத்தத்தில் கிராம்பும் இஞ்சியும் சேர்த்துக் 'கறுப்புச் சூப்பு' செய்வர். இவை லுத்தரன் சபையினர் மிகுந்த நாடுகள். 1483 நவம்பர் 10ஆம் நாள் பிறந்து மறுநாள் திருமுழுக்குப் பெற்ற மார்ட்டின் லூதரும் இப்புனிதரின் பெயரைத் தாங்கியவரே. பிரிந்த சபைகளை ஒரே மேசையின் நினைவு இன்னமும் இணைத்து வைத்திருப்பது நமக்கு மகிழ்வூட்டுகிறது.

ஆறு பேருக்கான விருந்து

*பரங்கிக்காய்ச் சூப்பு:* தோல் சீவிய பரங்கிக்காய் ஒரு கிலோ, பெரிய வெங்காயம் ஒன்று, கட்டைவிரல் அளவு இஞ்சி. இரண்டு தேக்கரண்டி வெண்ணெயில் வெங்காயத்தையும் இஞ்சியையும் வதக்கி, காய்த் துண்டுகளையும் ஒரு லிட்டர் நீரையும் உப்பையும் சேர்த்து 25 நிமிடம் வேக விடுக. நன்றாக மசித்து, சிறிது பாலாடையும் மிளகுத்தூளும் கலந்து, வறுத்த பரங்கி விதைகளை மேலே தூவிச் சூடாகப் பரிமாறுக. புனித மார்ட்டின் காலத்து மேசையில் இந்தக் காய் இல்லை. 1492க்குப் பின் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவிற்கும், அங்கிருந்து கப்பலேறி நம் நாட்டிற்கும் வந்தது. பரங்கியர் நாட்டுக் காய் என்று நம்மவர் இட்ட பெயரே அதற்குச் சான்று.

*பெருவாத்து வறுவல்:* நான்கு கிலோ எடையுள்ள வாத்து ஆறு பேருக்குப் போதும். உடல் பெரிதாயினும் எலும்பும் கொழுப்பும் மிகுதி என்பதை நினைவிற் கொள்க. கழுவி ஈரம் துடைத்து, உள்ளும் புறமும் உப்பும் மிளகும் தடவுக. புளிப்பு ஆப்பிள் மூன்று, வெங்காயம் இரண்டு, 'பைபூஸ்' என்னும் கைப்பு மூலிகை சிறிது ஆகியவற்றை வயிற்றினுள் திணித்துத் தைத்து விடுக. இம்மூலிகை நம் மரிக்கொழுந்தின் இனத்தைச் சேர்ந்தது. தொடைக்கும் இறக்கைக்கும் கீழே தோலை மட்டும் ஊசியால் குத்தினால் கொழுப்பு உருகி வெளியேறும். சதையைக் குத்தலாகாது, சாறு வடிந்து இறைச்சி உலர்ந்துவிடும். அடித்தட்டில் அரை லிட்டர் நீர் ஊற்றி, 170 பாகை வெப்பமுள்ள அடுப்பில், கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்னும் கணக்கில் வேக விடுக. அரை மணிக்கு ஒருமுறை, வடிந்த சாற்றை மேலே ஊற்றி வருக. தொடையின் தடித்த பகுதியைக் குத்திப் பார்க்கையில் தெளிந்த சாறு வந்தால் வெந்துவிட்டது. இறுதியில் உப்புநீர் தடவி வெப்பத்தைச் சற்று உயர்த்தினால் தோல் மொறுமொறுப்பாகும். எடுத்தபின் இருபது நிமிடம் ஆறவிட்டே அறுத்தல் வேண்டும்.

வடிந்த கொழுப்பைக் கொட்டிவிடுதல் ஆகாது. வடிகட்டிச் சாடியில் வைத்தால் உறைந்து வெண்மையாகும். அதனை ரொட்டியில் தடவி உப்புத் தூவி உண்பது ஏழை உழவரின் பனிக்காலச் சிற்றுண்டி.

*சிவப்பு முட்டைக்கோசு:* ஒரு கிலோ கோசை மெல்லியதாக நறுக்குக. வாத்துக் கொழுப்பு இரண்டு தேக்கரண்டியில் வெங்காயம் வதக்கி, கோசு, நறுக்கிய ஆப்பிள் இரண்டு, கிராம்பு நான்கு, சர்க்கரை ஒரு தேக்கரண்டி, காடி நான்கு தேக்கரண்டி, ஒரு குவளை நீர், உப்பு சேர்த்து, மூடி, சிறு தீயில் ஒரு மணி நேரம் வேக விடுக. காடி சுவைக்கு மட்டுமன்று. அதன் புளிப்பே கோசின் சிவப்பைக் காக்கிறது. காடியின்றி வேகவைத்தால் நிறம் நீலமாகத் திரும்பும். ஜெர்மனியின் வடபகுதியில் இதற்குச் 'சிவப்புக் கோசு' என்றும், தெற்கே பவேரியாவில் 'நீலக் கீரை' என்றும் பொருள்படும் பெயர்கள் வழங்குகின்றன. இதனை முதல் நாளே சமைத்து மறுநாள் சூடாக்கினால் சுவை கூடும்.

*உருளைக்கிழங்கு உருண்டை:* வேகவைத்து மசித்த கிழங்கு ஒரு கிலோ, உருளைக்கிழங்கு மாவுச்சத்து 150 கிராம், முட்டை ஒன்று, உப்பு, சிறிது சாதிக்காய்த்தூள் ஆகியவற்றைப் பிசைந்து, எலுமிச்சையினும் பெரிய உருண்டைகளாக்குக. உப்பிட்ட நீர் தளதளவெனக் கொதித்தலாகாது. மெல்லச் சலசலக்கும் நீரில் இட்டு, மேலே மிதந்து வரும்வரை ஏறத்தாழ 20 நிமிடம் வேக விடுக. கொழுக்கட்டை உருட்டிப் பழகிய கைகளுக்கு இது எளிதேயாகும்.

*சுட்ட செஸ்ட்நட்:* போர்ச்சுகல் நாட்டில் இத்திருநாளின் முதன்மை உணவு வாத்தன்று. செஸ்ட்நட் என்னும் கொட்டையே. வெளியே தீ மூட்டி, அதைச் சுற்றி நின்று சுட்டுத் தின்னும் அக்கூட்டத்திற்கு 'மகுஸ்து' என்று பெயர். முந்திரியைப் போல எண்ணெய் மிகுந்ததன்று இது; மாவுச்சத்தே மிகுதி. சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கை ஒத்த சுவையுடையது. சுடுவதற்கு முன் ஒவ்வொரு கொட்டையின் ஓட்டிலும் கத்தியால் கீறல் இடுதல் இன்றியமையாதது. இல்லையேல் உள்ளே நீராவி திரண்டு வெடித்துச் சிதறும். 200 பாகை வெப்பத்தில் 25 நிமிடம் போதும். சூடு ஆறுமுன் உரித்தால்தான் உள்தோல் கழன்று வரும்.

11ஆம் நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்து சுத்த போசனம் காக்க விரும்புவோர்க்கும், இறைச்சி உண்ணாத விருந்தினர்க்கும், சூப்பும் ரொட்டியும் செஸ்ட்நட்டும் ஆப்பிளும் குறைவற்ற உணவாகும். அப்போது கோசினை வாத்துக் கொழுப்பின்றி வெண்ணெயிலேயே வதக்குக.

பருகுவன

செப்டம்பர், அக்டோபர் திங்களில் பிழிந்த திராட்சைச் சாறு நொதித்துப் புதுரசமாகத் தெளிவது இந்நாள்களில்தான். ஆகவே ஆஸ்திரியாவிலும் ஹங்கேரியிலும் ஸ்லோவேனியாவிலும் மார்ட்டின் திருநாள், புதுத் திராட்சை இரசத்தைச் சுவைக்கும் நாளாகவும் விளங்குகிறது. செக் நாட்டில் இவ்வாண்டின் இரசப் புட்டிகளை நவம்பர் 11ஆம் நாள் முற்பகல் 11 மணிக்குத் திறக்கின்றனர். போர்ச்சுகலின் எளிய மக்கள், பிழிந்தெடுத்த சக்கையில் நீரூற்றி மறுமுறை நொதிக்கவைத்து 'ஆகுவ-பே' என்னும் மென்மையான பானம் செய்தனர். சக்கையையும் வீணாக்காத சிக்கனம் இது.

மது வைப்பதும் வையாததும் குடும்பத்தின் மனச்சான்றைப் பொறுத்தது. எனினும் குடியால் கண்ணீர் சிந்தும் இல்லங்கள் நம்மிடையே எத்தனை என்பதை அறிந்த நாம், ஒரு சொல் கூறாது இருக்கலாகாது. விருந்தின் இன்பம் மதுவைச் சார்ந்ததன்று. குடியை விட்டொழிக்கப் போராடும் ஒருவர் அம்மேசையில் அமர்ந்திருக்கலாம். அவர் வெட்கமின்றிக் கையில் ஏந்தத்தக்க நல்ல பானம் ஒன்றை எல்லார்க்குமாகச் செய்து வைப்பதே உண்மையான உபசரிப்பு.

அத்தகைய பானம் ஒன்று ஜெர்மானியச் சிறுவர்களுக்கென்றே உண்டு. ஆப்பிள் சாறு ஒரு லிட்டர், ஆரஞ்சுச் சாறு ஒரு குவளை, இலவங்கப்பட்டை இரண்டு துண்டு, கிராம்பு ஐந்து, ஆரஞ்சுத் தோல் சிறிது. கொதிக்க விடாமல் சிறு தீயில் கால் மணி நேரம் சூடாக்கி வடிகட்டுக. வெளியே பனியில் நடந்து வந்தவர், குவளையை இரு கைகளாலும் பற்றிக்கொள்ளும்போதே பாதிக் குளிர் நீங்கிவிடும். இப்பானத்தின் மணம் ஐரோப்பாவினுடையதன்று. இலங்கை மண்ணின் இலவங்கமும் மொலுக்காஸ் தீவுகளில் தோன்றிய கிராம்புமே அது.

பகிரும் அப்பம்

மேற்கு ஜெர்மனியின் ரைன் ஆற்றுப் பகுதியில், திருநாளை ஒட்டிய மாலையில் சிறுவர் காகித விளக்குகளை ஏந்திப் பாடிக்கொண்டு தெருவில் நடப்பர். உரோமை வீரர் உடையணிந்த ஒருவர் குதிரைமேல் முன்செல்வார். ஊர்நடுவே மூட்டிய தீயினருகே, மேலங்கியை வெட்டிக் கொடுக்கும் காட்சியை நடித்துக் காட்டுவர். முடிவில் குழந்தைகளுக்கு, உலர்திராட்சைக் கண்கள் பதித்த மனித உருவ ரொட்டி வழங்கப்பெறும். பலவிடங்களில் அதனை இரண்டாகப் பிட்டு, ஒரு பாதியை அருகில் நிற்கும் குழந்தைக்குக் கொடுக்கக் கற்பிக்கின்றனர். மறைக்கல்வி வகுப்பில் ஒரு மணி நேரம் விளக்குவதை அந்த ஒரு ரொட்டித் துண்டு விளக்கிவிடுகிறது.

போலந்து நாட்டின் போஸ்னான் நகரில் இத்திருநாளுக்கென்றே வெள்ளைக் கசகசாவும் பருப்புகளும் பூரணமாக வைத்த பிறைவடிவப் பலகாரம் உண்டு. அதன் தோற்றம் பற்றி அந்நகர மக்கள் ஒரு செய்தி கூறுவர். 1891ஆம் ஆண்டில் புனித மார்ட்டின் பங்கின் குரு, தம் பாதுகாவலரைப் பின்பற்றி ஏழைகளுக்கு ஏதேனும் செய்யுங்கள் என்று மறையுரையில் வேண்டினார். அதனைக் கேட்ட அடுமனைத் தொழிலாளர் ஒருவர் தம் முதலாளியை இணங்கச் செய்து இப்பலகாரத்தைச் சுட்டார். செல்வர் விலை கொடுத்து வாங்கினர். ஏழையர் விலையின்றிப் பெற்றனர். இருவர் கையிலும் இருந்தது ஒரே பலகாரம். ஏழைக்கென்று தரம் குறைந்த மாவு தனியே பிசையப்படவில்லை. 2008ஆம் ஆண்டு முதல் ஐரோப்பிய ஒன்றியம் இப்பலகாரத்தின் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்துள்ளது.

விருந்தளிப்போர்க்குச் சில சொற்கள்

ஏழு மணி விருந்திற்கு, கோசு முதல் நாளே வெந்திருக்கட்டும். பிற்பகல் இரண்டரை மணிக்கு வாத்து அடுப்பேறட்டும். ஐந்து மணிக்குச் சூப்பும், ஆறு மணிக்கு உருண்டைகளும். இவ்வாறு வகுத்துக்கொண்டால், விருந்தினர் வரும்போது இல்லத்தரசி வியர்வையும் களைப்புமாய் அடுப்படியில் நிற்க வேண்டியதில்லை. நம் இல்லங்களில், எல்லாரும் உண்டு முடித்தபின் ஆறிய உணவைத் தனியே உண்பவள் வீட்டுத் தலைவி. சமைத்தவளுக்கு மேசையில் இடமில்லாத விருந்தைப் பகிர்வு என்று எவ்வாறு அழைப்பது? பிள்ளைகளும் கணவரும் ஆளுக்கொரு வேலையை ஏற்றால் அவளும் அமரலாம்.

யாரை அழைப்பது என்பதே பெரிய வினா. நம்மைத் திரும்ப அழைக்கக் கூடியவர்களையே நாம் பெரும்பாலும் அழைக்கிறோம். அவர் வைத்த விருந்தினும் நம் விருந்து ஒரு படி மேலாக இருத்தல் வேண்டும் என்று கடன் வாங்கியும் செலவிடுகிறோம். லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில், தம்மை உணவுக்கு அழைத்தவரிடமே ஆண்டவர் இவ்வழக்கத்தைக் கண்டித்தார். கைம்மாறு செய்ய இயலாதவரை அழைக்குமாறு பணித்தார். ஆறு பேருக்குச் சமைக்கும்போது ஆறாவது இருக்கை அத்தகைய ஒருவருடையதாகட்டும். கணவரை இழந்து தனித்திருக்கும் அண்டை வீட்டு மூதாட்டியோ, ஊர்விட்டு வந்து விடுதியில் தங்கியிருக்கும் மாணவனோ, உறவினரோடு மனத்தாங்கலால் ஒதுங்கியிருப்பவரோ அங்கு அமரட்டும்.

அயல்நாட்டில் வாழும் பிள்ளைகளிடம் இம்மாதம் பேசும்போது இதனையும் சொல்லுங்கள். நவம்பர் இருள் தனித்திருப்போரின் மனத்தை மிகவும் வாட்டும். ஒற்றை அறையில் வாழும் மாணவிக்குப் பெருவாத்து வேண்டியதில்லை. கடைகளில் வாத்துக்கால்கள் தனியேயும் கிடைக்கும். அவை இரண்டு மணி நேரத்தில் வெந்துவிடும். அதுவும் இயலாதெனில் பரங்கிக்காய்ச் சூப்பும் ஒரு ரொட்டியும் போதும். அடுத்த அறையில் இருப்பவர் எந்நாட்டவராயினும் எச்சமயத்தவராயினும் கதவைத் தட்டி, "சூப்பு சூடாக இருக்கிறது, வாருங்கள்" என்று அழைக்கச் சொல்லுங்கள். அவரும் அன்று மாலை யாரோடும் பேசாமல் இருந்திருக்கக் கூடும்.